வாப்பாவின் கல்லும் வஹ்பா பள்ளமும்

எங்கள் வீட்டு முன்னறைக் கண்ணாடி அலுமாரியில், ஸம்ஸம் நீர்ப் போத்தலுக்கும் மதீனாவிலிருந்து வந்த தஸ்பீஹ் மணிக்கும் நடுவே ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. உள்ளங்கையை நிறைக்கும் அளவு. உடல் முழுவதும் சிறு சிறு துளைகள். என் வாப்பா பன்னிரண்டு வருடங்களாகச் சவூதி அரேபியாவின் தாயிப் நகரில் பாரவூர்தி ஓட்டுகிறார். நான் தரம் ஆறில் படிக்கும்போது விடுமுறையில் வந்த அவர், பயணப் பெட்டியின் அடியில் துவாயில் சுற்றி அந்தக் கல்லைக் கொண்டுவந்தார்.

"வானத்தில இருந்து விழுந்த கல் மகள், பத்திரமா வைங்க" என்றார்.

தாயிபிலிருந்து ஏறத்தாழ 250 கிலோ மீற்றர் தூரத்தில் அல் வஹ்பா என்ற இடத்தில் பென்னம் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறதாம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அறைத்தோழர்களோடு அங்கே போயிருக்கிறார். நட்சத்திரம் விழுந்த இடம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்களாம். போகும் வழியில் பொறுக்கிய கல்தான் அது.

அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் அந்தக் கல்லைக் காட்டிக் கதை சொல்வது என் வேலையாயிற்று. சென்ற வருடம் எமது கல்லூரியில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சியிலும் அதை வைத்தேன். வெள்ளை அட்டையில் அழகாக எழுதினேன்: "விண்கல். கிடைத்த இடம்: அல் வஹ்பா விண்கல் பள்ளம், சவூதி அரேபியா." சிறிய வகுப்புத் தங்கைகளும் அவர்களுடைய உம்மாமாரும் வரிசையில் நின்று அதைத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பின்னேரம் புவியியல் டீச்சர் என் மேசைக்கு வந்தார். கல்லைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "இந்த ஓட்டைகள் எப்படி வந்தது என்று தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தேடிப் பாருங்க. அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுக் கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

வஹ்பா பள்ளம்

சவூதி அரேபியாவின் மேற்குப் பகுதியில் கருங்கல் பரந்த வெளிகள் பல உள்ளன. அறபியில் அவற்றை 'ஹர்ரா' என்பார்கள். பூமிக்குள்ளிருந்து வழிந்த எரிமலைக் குழம்பு ஆறி இறுகியதால் உண்டான வெளிகள் இவை. எமக்கு இந்தச் சொல் புதியதல்ல. மதீனா நகரமே இரண்டு கருங்கல் வெளிகளுக்கு இடையில் அமைந்தது என்பதைச் சீறாப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஹிஜ்ரி 654இல், அதாவது கி.பி. 1256இல், மதீனாவுக்கு அண்மையில் எரிமலை ஒன்று வெடித்து ஐம்பது நாட்களுக்கு மேலாகக் குழம்பைக் கக்கியது. அந்த நெருப்பைக் கண்ட மக்களின் அச்சத்தை அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அத்தகைய வெளிகளில் ஒன்று ஹர்ரத் கிஷ்ப். ஏறத்தாழ 5,900 சதுர கிலோ மீற்றர் பரப்புடையது. அதன் மேற்கு விளிம்பிலே இருக்கிறது அல் வஹ்பா. விட்டம் இரண்டு கிலோ மீற்றருக்குச் சற்று அதிகம். ஆழம் ஏறத்தாழ 250 மீற்றர். எண்பது மாடிக் கட்டடம் ஒன்றை உள்ளே நிறுத்தினாலும் அதன் உச்சி விளிம்புக்கு மேலே அதிகம் தெரியாது. அடித்தளம் முழுவதும் வெள்ளை வெளேரென்று உப்புப் படிந்திருக்கிறது. சரிவில் ஓரிடத்தில் பேரீச்ச மரங்கள் நிற்கின்றன.

அந்த மண்ணின் மக்களிடம் இப்பள்ளத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. தமியா என்ற மலை ஒருநாள் மின்னல் வெளிச்சத்தில் தூரத்தேயிருந்த கத்தன் மலையைக் கண்டு அதன்மேல் ஆசைப்பட்டதாம். நின்ற இடத்திலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு கத்தனை நோக்கிப் பறந்ததாம். அது பிடுங்கிய இடமே இந்தக் குழி என்கிறது கதை. 'தமியா பிடுங்கப்பட்ட இடம்' என்ற பெயரும் இதற்கு உண்டு. கதைதான் என்றாலும், குழியைப் பார்த்தவர்களின் மனதில் எழுந்த கேள்வி அதில் தெரிகிறது. இங்கே இருந்தது எங்கே போனது?

பிற்காலத்தில் பலர் வேறொரு விடை சொன்னார்கள். விண்கல் வந்து மோதியது என்பதே அது. அவர்களைக் குறைசொல்ல முடியாது. எரிமலை என்றதும் எமக்கு நினைவு வருவது பாடநூல் படம்: கூம்பு வடிவ மலை, உச்சியில் வாய், அதிலிருந்து புகை. வஹ்பாவில் மலையே இல்லை. சமதரையில் நடந்து போகிறவருக்குத் திடீரென்று காலடியில் வட்டமான பாதாளம் திறக்கிறது. மேலேயிருந்து ஏதோ விழுந்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

தாச்சியில் விழுந்த சொட்டு நீர்

உண்மையில் நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள எங்கள் குசினிக்குள் போனால் போதும். கொதிக்கும் எண்ணெய்த் தாச்சிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? படபடவென்று வெடித்து எண்ணெயைச் சுற்றிலும் வீசும். நீர் ஒரே கணத்தில் ஆவியாவதே காரணம். நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு ஆயிரத்தைந்நூறு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது.

வஹ்பாவிலும் இதுவே நடந்தது. பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர், பூமியின் ஆழத்திலிருந்து ஏறிவந்த பாறைக்குழம்பு வழியில் நிலக்கீழ் நீரைச் சந்தித்தது. ஆயிரம் பாகை செல்சியசை அண்மித்த வெப்பமுள்ள குழம்பு தொட்டதும் நீர் ஆவியாகி வெடித்தது. ஒரு வெடிப்பல்ல, அடுத்தடுத்துப் பல வெடிப்புகள். மேலேயிருந்த பாறை நொறுங்கி வானில் எறியப்பட்டது. வெறுமையான இடத்துக்குள் சுற்றியிருந்த நிலம் இடிந்து விழுந்தது. மிஞ்சியது வட்டமான பெருங்குழி.

இவ்வகைக் குழிகளைப் புவிச்சரிதவியலாளர்கள் 'மார்' என்று அழைக்கிறார்கள். ஜேர்மனியின் ஐஃபெல் பகுதி மக்கள் தம் ஊரில் உள்ள இத்தகைய வட்டக் குளங்களுக்கு வைத்த பெயர் அது. கூம்பு மலையைக் கட்டுகின்ற எரிமலை ஒருவகை. நிலத்தைக் குடைந்து குழியாக்கும் எரிமலை இன்னொரு வகை. பாடநூல் படத்தில் முதலாவது மட்டும் இருந்ததால், இரண்டாவதை நான் எரிமலையென்றே எண்ணவில்லை.

சரி, அது எரிமலைதான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறார்கள்? வஹ்பாவின் விளிம்பைச் சுற்றி எரிமலைச் சாம்பலும் நொறுங்கிய கற்களும் படைபடையாகப் படிந்திருக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் தன் படையை விட்டுச் சென்றிருக்கிறது. விண்கல் மோதல் ஒரே தடவையில் முடிந்துவிடும் செயல். அது இப்படிப் படைமேல் படையாகச் சாம்பலை அடுக்காது. குழியின் சுவரிலே பழைய எரிமலைக் குழம்பு ஓட்டங்கள் தெரிகின்றன. வடக்கு விளிம்பில், முன்பே அங்கிருந்த சிறிய எரிமலைக் கூம்பு ஒன்றைக் குழி வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. விண்கல் மோதினால் பாறையில் விழவேண்டிய அடையாளங்கள் எதுவும் இல்லை.

அந்த அடையாளங்கள் எவை? அதற்கு இன்னொரு பாலைவனத்துக்குப் போகவேண்டும்.

ஓர் அறிஞரின் தவறு

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைவெளியில் 1.2 கிலோ மீற்றர் விட்டமும் 170 மீற்றர் ஆழமும் கொண்ட குழி ஒன்று உள்ளது. 1891இல் அதை ஆராயச் சென்றவர் குரோவ் கார்ல் கில்பர்ட். அந்நாட்டின் தலைசிறந்த புவிச்சரிதவியலாளர்களில் ஒருவர். குழியைச் சுற்றி இரும்பு விண்கற்கள் சிதறிக் கிடப்பது அவருக்குத் தெரியும்.

அவர் நேர்மையாக இரண்டு சோதனைகள் செய்தார். பெரிய இரும்பு விண்கல் ஒன்று விழுந்து புதைந்திருந்தால், திசைகாட்டியின் முள் அதன் பக்கம் இழுபட வேண்டும். இழுபடவில்லை. அந்த இரும்பு குழிக்குள் இடத்தைப் பிடித்திருந்தால், விளிம்பில் குவிந்துள்ள கல்லும் மண்ணும் குழியின் கொள்ளளவை விட அதிகமாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தார், இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. ஆகவே இது நீராவி வெடிப்பால் உண்டான எரிமலைக் குழி, விண்கற்கள் அங்கே கிடப்பது தற்செயல் என்று முடிவு செய்தார். அருகில் எரிமலைகள் நிறைந்த பிரதேசம் இருந்ததால் அந்த முடிவு பொருத்தமாகவும் தெரிந்தது.

அளவைகளில் அவர் பிழை விடவில்லை. பிழை அவர் கேட்ட கேள்வியில் இருந்தது. விழுந்த பொருள் முழுதாகக் கீழே கிடக்கவேண்டும் என்று எண்ணினார். ஒரு நொடியில் பல கிலோ மீற்றர் வேகத்தில் வரும் விண்கல் மோதியதும் அதில் பெரும்பகுதி சிதறியும் உருகியும் ஆவியாகியும் போய்விடும் என்பது அக்காலத்தில் தெரிந்திருக்கவில்லை.

அடுத்து வந்தவர் டானியல் பாரிங்கர் என்ற சுரங்கத் தொழிலதிபர். இது விண்கல் குழிதான் என்று அவர் உறுதியாக நம்பினார். அதோடு, அடியில் மாபெரும் இரும்புத் திணிவு புதைந்துள்ளது என்றும் நம்பினார். 1903 முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் துளையிட்டுத் தேடினார். பெருஞ்செல்வம் கரைந்தது, இரும்புத் திணிவு கிடைக்கவில்லை. 1929இல் அவர் காலமானார். குழி பற்றி அவர் சொன்னது சரி. இரும்பு பற்றி அவர் எண்ணியது தவறு.

இறுதிச் சாட்சி ஒரு மணலளவு கனிமத்திலிருந்து வந்தது. கோயசைட் என்பது அதன் பெயர். எமது கடற்கரை மணலில் உள்ள படிகக்கல்லின் அதே மூலப்பொருள்தான் அதிலும் உண்டு. ஆனால் மிகப் பெரும் அமுக்கத்தில் மாத்திரமே அது உருவாகும். 1953இல் லோரிங் கோயஸ் என்ற இரசாயனவியலாளர் அதை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினார். 1960இல் அரிசோனாக் குழியின் கற்களில் அது இயற்கையாகவே இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. யூஜின் ஷூமேக்கரும் அவருடன் பணியாற்றியோரும் அதை வெளியிட்டனர். நிலத்தின் மேற்பரப்பில் நிகழும் எரிமலை வெடிப்பால் அந்த அமுக்கத்தைத் தரமுடியாது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே விண்கல் மோதியது என்பது அத்தோடு உறுதியாயிற்று. மோதலின் அதிர்ச்சியால் படிகக்கல்லில் விழும் நேர்கோட்டு வரிகளும் இப்படியான சாட்சியே. அவற்றை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம்.

வபாரின் கறுப்பு முத்துகள்

அரேபியாவிலேயே இதற்கு நேர்மாறான சம்பவமும் நடந்திருக்கிறது. 'ரூபுல் காலி' என்னும் பெரும் மணற்பாலைவனத்தில், ஆத் கூட்டத்து மன்னனின் அழிந்துபோன நகரம் ஒன்று புதைந்திருப்பதாகப் பதூவிகள் பரம்பரையாகச் சொல்லி வந்தார்கள். ஒட்டகமளவு பெரிய இரும்பு ஒன்று அங்கே கிடப்பதாகவும் சொன்னார்கள். அந்த நகரைத் தேடி 1932இல் ஒட்டகங்களோடு புறப்பட்டார் ஜோன் ஃபில்பி என்ற ஆங்கிலேயர். இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் என்ற பெயர் கொண்டவர் அவர்.

மணல்மேட்டில் ஏறிப் பார்த்தபோது அவர் கண்டது மதிற்சுவர்களல்ல, குழிகள். மணல் உருகிக் கறுத்த விளிம்புகள். எரிமலை என்று எண்ணினார். கூடச் சென்றவர்கள் அங்கே சிதறிக் கிடந்த கறுப்பு மணிகளை மன்னனின் அந்தப்புரத்துப் பெண்கள் அணிந்த முத்துகள் என்று பொறுக்கினார்கள். ஃபில்பி கொண்டுவந்த இரும்புத் துண்டு லண்டனில் பிரித்தானிய நூதனசாலையின் கனிமவியலாளர் ஸ்பென்சரிடம் போயிற்று. நிக்கல் கலந்த அந்த இரும்பு விண்ணிலிருந்து வந்தது என்று அவர் கண்டார். குழிகள் விண்கல் மோதியதால் உண்டானவை. முத்துகள் என்று பொறுக்கியவை, அந்த வெப்பத்தில் உருகித் தெறித்து உறைந்த மணல் துளிகள்.

ஒட்டகமளவு இரும்பு என்ற கதையும் முற்றிலும் பொய்யல்ல. 1960களில் அங்கிருந்து 2,000 கிலோவுக்கும் அதிக எடையுள்ள இரும்பு விண்கல் மீட்கப்பட்டது. நகரம் என்று சொன்னது தவறு, இரும்பு என்று சொன்னது மெய். இப்போது அந்தக் குழிகளைக் காற்று மணலால் மூடிக்கொண்டு வருகிறது. 1932இல் 12 மீற்றர் ஆழமாயிருந்த பெரிய குழி, 1961இல் 8 மீற்றராகக் குறைந்துவிட்டது.

இந்த மூன்று பள்ளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வஹ்பா எரிமலை, விண்கல் என்றார்கள். அரிசோனாவும் வபாரும் விண்கல், எரிமலை என்றார்கள். குழியின் வட்டத்தைப் பார்த்துச் சொன்ன எவரும் ஏமாறக்கூடும். கல்லைக் கையிலெடுத்து அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தபின்பே விடை கிடைத்தது.

துளைகளின் விடை

இனி வாப்பாவின் கல்லுக்கு வருகிறேன். டீச்சர் கேட்ட துளைகள், எரிமலைக் குழம்புக்குள் இருந்த வாயுக் குமிழிகளின் இடங்கள். சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழிகள் எழுவதுபோல, குழம்பு மேலே வந்து அமுக்கம் குறைந்ததும் அதிலுள்ள வாயு குமிழிகளாகப் பிரிகிறது. குமிழிகள் வெளியேறும் முன்னரே கல் இறுகிவிட்டால் அவற்றின் இடம் துளையாக நின்றுவிடும். விண்கற்களில் இப்படித் துளைகள் இருப்பது மிக அபூர்வம். வளிமண்டலத்தில் எரிந்துவருவதால் அவற்றின் மேலே மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும். சிலவற்றில், பிசைந்த மாவில் பெருவிரலால் அழுத்தியது போன்ற குழிவுகள் இருக்கும். அவை துளைகளல்ல.

காந்தம் பிடித்தும் பார்த்தேன். கல் மெதுவாக இழுபட்டது. ஒரு நிமிடம் எனக்கு மீண்டும் நம்பிக்கை வந்தது. எரிமலைக் கருங்கல்லிலும் காந்தம் இழுக்கும் இரும்புக் கனிமம் உண்டு என்று பிறகுதான் வாசித்தேன். நான் விரும்பிய விடைக்குச் சாதகமான சோதனையை மட்டும் நம்பியிருந்தால், அன்றும் பிழையாகவே எழுதியிருப்பேன்.

டீச்சரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. வாப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டம். ஆறு வருடம் அந்தக் கல்லைப் பற்றி அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! குடும்பத்தைப் பிரிந்து அந்த வெயிலில் உழைக்கும் மனிதர், எனக்கென்று சுமந்துவந்த ஒரே விசேடப் பொருள். அது சும்மா கருங்கல் என்று எப்படிச் சொல்வது? இரண்டு வெள்ளிக்கிழமைகள் தொலைபேசியில் பேசியும் சொல்லாமல் விட்டேன். உம்மாதான், "வாப்பா ஆக்களுக்குப் பிழையாச் சொல்லித் திரியிறது உங்களுக்குச் சரியா மகள்?" என்று கேட்டார்.

மூன்றாவது வெள்ளி சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வாப்பா கேட்டார்:

"அப்ப அந்தக் கல் பூமிக்குள்ள இருந்து வந்ததா?"

"ஓம் வாப்பா. நெருப்பாக வந்து ஆறின கல்."

"பன்னிரண்டு வருஷமா அந்தக் கல்லுக்கு மேலால லொறி ஓட்டுறன். கீழ நெருப்பு இருந்தது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே மகள்."

குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவரே பேச்சை எடுத்தார். அன்று தன்னோடு வஹ்பாவுக்கு வந்த நண்பர்களிடம் சொல்லிவிட்டாராம். தாச்சியில் தண்ணீர் விழுந்த உதாரணத்தையும் அப்படியே சொன்னாராம்.

அந்தக் கல் இன்றும் கண்ணாடி அலுமாரியில் அதே இடத்தில் இருக்கிறது. அட்டையை மாற்றிவிட்டேன்: "எரிமலைக் கருங்கல். ஹர்ரத் கிஷ்ப், சவூதி அரேபியா. வாப்பா கொண்டுவந்தது."

கண்காட்சி நாளில் என் மேசைக்கு வந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்த தங்கைகளே, உம்மாமாரே! அன்று நான் உங்களுக்குச் சொன்னது பிழை. நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டதைத் தீர விசாரிக்காமல் சொன்னேன். நீங்கள் அதை வீட்டில் போய் வேறு யாருக்கும் சொல்லியிருந்தால், இதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.